மின்ச்சோ ஆற்றங்கரையில் ஓர் அழைப்புமணி

1

என் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. துபாய் கராமாவில் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது. கதவுகளுக்கு எண்கள் உண்டு. சில கதவுகளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கும், சிலவற்றுக்குப் பின்னால் ப்ளைவுட் தடுப்பு போட்டு எட்டு பேர் இருப்பார்கள். என் வீட்டின் வாடகை ஒப்பந்தம் அலுவலகத்தின் பெயரில். கடிதங்கள் வருவது அலுவலகத்தின் தபால்பெட்டிக்கு. துபாய்க்கு வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

போன வாரம் என் மகள் ரம்யா ஒரு புகைப்படம் அனுப்பினாள். ஒரு பழைய மரக்கதவின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் அழைப்புமணியின் படம். என் மனைவி வளர்மதி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் போன ஆடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் இங்கே ஓர் ஆங்கில நாளிதழின் செய்தி மேசையில் இருக்கிறேன். அதற்கு முன் மன்னார்குடியில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். மேட்டூரில் அணை திறந்த செய்தியைச் சேலத்து நிருபர் எழுதுவார். தண்ணீர் கடைமடைக்கு வந்ததா இல்லையா என்பதை நான் எழுதுவேன். பெரும்பாலும் வரவில்லை என்றே எழுதினேன். வளர்மதி அந்தக் கடைமடைப் பெண். முத்துப்பேட்டைக்கு அருகே, வாய்க்கால் முடிந்து உப்பளம் தொடங்குமிடத்தில் அவள் வீடு.

வரும் மார்கழியில் எனக்கு அறுபது. அலுவலகத்தில் விசா வேலைகளைப் பார்க்கும் எகிப்தியர் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, மாவு பிசைந்தவர் கை தட்டுவதுபோல இரு கைகளையும் தட்டிக்கொண்டார். "சிக்ஸ்டி. காலாஸ், உஸ்தாத்." அறுபது, அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். இதைவிடச் சுருக்கமாக ஒரு பணி ஓய்வுச் செய்தியை நான் திருத்தியதில்லை.

2

ரம்யா பிறந்தது நாங்கள் முதலில் இருந்த அபுதாபியில், வளர்ந்தது கராமாவில். கட்டடக்கலை படித்துவிட்டு, பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கலையை மேற்கொண்டு படிக்க மிலானுக்குப் போனாள். படிப்பு முடிந்து அங்கேயே வேலையும் கிடைத்தது. அவளுக்கும் அம்மாவுக்கும் நடக்கும் தொலைபேசிப் பேச்சு எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் ஒரே வரியில்தான் முடியும்.

"எப்ப வர்றே?"

முதல் இரண்டு வருடங்கள், "கோர்ஸ் முடியட்டும்மா." அடுத்த இரண்டு வருடங்கள், "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்." பிறகு, "பாக்கலாம்மா." பதில் சுருங்கிக்கொண்டே வருவதைக் கவனித்தேன். செய்தி மேசைக்காரனுக்கு அது பழக்கம். வளர்மதியிடம் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. என் விசா முடிவதற்குள் ரம்யாவை அழைத்துக்கொண்டுவிட வேண்டும். மூவரும் ஊருக்குப் போவது. மன்னார்குடியில் என் அப்பாவின் வீடு. ரம்யாவுக்குத் தஞ்சாவூரிலோ சென்னையிலோ வேலை. "பழசை ரிப்பேர் பண்றதுக்குத்தானே படிச்சிருக்கா? நம்ம ஊர்ல இல்லாத பழசா?" என்பாள். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

இத்தாலி விசாவுக்குப் போனோம். திரும்பி வந்த பிறகும் சில மாதங்களாவது அமீரகத்தில் தங்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது விதி. ஓர் இடத்துக்குப் போக விடுவதற்கு முன், திரும்பி வர இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எங்களுக்கு அப்போது இருந்தது. விண்ணப்ப மையத்தின் கவுண்டரில் இருந்த மலையாளிப் பெண் வளர்மதியிடம் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டாள்.

"பிள்ளையைக் கூட்டிட்டு வர," என்றாள் இவள்.

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "சேச்சி, அது பறயண்டா. டூரிசம்னு மாத்ரம் சொல்லுங்க."

"பெத்த பிள்ளையைப் பாக்கப் போறது டூரிசமா?"

"எனக்கு மனசிலாயி சேச்சி. கம்ப்யூட்டருக்கு மனசிலாவாது."

டூரிசம் என்றே பதிவாயிற்று.

3

ரம்யா எங்களை மிலானில் வரவேற்கவில்லை. வெரோனா ரயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் வலெஜோ என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனாள். "சைட் இங்கதான்பா. கொஞ்ச நாளா இங்கயே தங்கிட்டேன்," என்றாள். வலெஜோவின் சரிவில் இறங்கினால் மின்ச்சோ ஆறு. ஆற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது போர்கெத்தோ.

ஊர் என்று சொல்ல அது மிகச் சிறியது. ஆற்றைக் கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையின் மீதும் ஓர் ஆலையைக் கட்டியிருக்கிறார்கள். இடைக்காலத்தில் கோதுமை அரைத்த நீராலைகள். அரைப்பது எப்போதோ நின்றுவிட்டது. கீழ்த்தளங்களில் உணவகங்கள், மேலே சில வீடுகள், சுவரோரம் மரச்சக்கரங்கள். சிறிய மரப்பாலம் ஒன்றில் ஒரு துறவியின் சிலை நிற்கிறது. ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவர், அதனால் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குக் காவல் என்றாள் ரம்யா.

"பாவம், அவரையே யாரும் காப்பாத்தல," என்று வளர்மதி அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டாள்.

தேவாலயம் சிறியது, உள்ளே பழைய சுவரோவியங்களில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எதிர்க்குன்றின் மேல் கோபுரங்களோடு ஒரு கோட்டை. இவை அனைத்துக்கும் குறுக்கே, பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமாக நீள்கிறது ஒரு கற்சுவர். அதன் மேல் இன்று கார்கள் ஓடுகின்றன. பாலம் என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் பாலத்துக்கு அவ்வளவு தடிமன் தேவையில்லை.

"இது பேசிக்கலி பாலம் இல்லப்பா, அணை," என்றாள் ரம்யா. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் மிலான் பிரபு கட்டியது. கீழே மாந்த்துவா நகரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஏரிகள்தான் அதற்கு அரண். ஆற்றை இங்கே மடக்கிவிட்டால் ஏரிகள் வற்றும், நகரம் பணியும். அதுதான் எண்ணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்களாம்.

வளர்மதி சுவரின் விளிம்பிலிருந்து கீழே பார்த்தாள். தண்ணீர் பச்சையாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"மேல இருக்கறவன் அடைச்சான். கீழ இருக்கறவன் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணலம்மா. இவங்களால அடைக்க முடியல. கட்டினது நின்னுடுச்சு, தண்ணி போயிடுச்சு."

"அப்ப சரி," என்றாள், சொந்த ஊர் வழக்கில் தீர்ப்பு வந்ததைப் போல.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்த ஆறு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அரசுகளுக்கு எல்லையாக இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில வருடங்கள் ஒரு கரை ஆஸ்திரியப் பேரரசு, மறு கரை புதிதாக உருவான இத்தாலி. "அப்ப இந்தப் பாலத்தைத் தாண்டவும் அப்பாயின்ட்மென்ட் எடுத்து, கைரேகை குடுத்திருப்பீங்கப்பா," என்று ரம்யா சிரித்தாள்.

நடந்துகொண்டே சொன்னாள், கீழே மாந்த்துவா பக்கம் நெல் வயல்கள் இருக்கின்றன, இந்தத் தண்ணீர் அங்கேதான் போகிறது என்று. வளர்மதி நின்றுவிட்டாள்.

"நெல்லா? இங்கயா?"

"ரிசொத்தோ அரிசிம்மா."

"நடவா, தெளிப்பா?"

"தெரியாதும்மா."

"இத்தனை வருசமா இருக்கே, அதைக் கேக்கலையா?"

4

ரம்யாவின் வீடு ஓர் ஆலையின் மேல்தளத்தில் இருந்தது. சன்னலைத் திறந்தால் நேர் கீழே சக்கரம். மற்ற சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்க, இது மட்டும் நின்றிருந்தது. சக்கரத்துக்கு வரும் குறுகிய வாய்க்காலில் பாசியும் ஒடிந்த கிளைகளும் சருகும் சேர்ந்து மெத்தைபோல அடைத்திருந்தன.

வளர்மதி முதல் நாள் காலையிலேயே அதைப் பார்த்துவிட்டாள். "ஏன் நிக்குது?"

"பாசி அடைச்சிருக்கும்மா. க்ளீன் பண்ணச் சொல்லி ஆபீஸ்லேர்ந்து எழுதியிருக்கோம். ஆத்துக்குப் பொறுப்பான டிபார்ட்மென்ட் பதில் சொல்லணும்."

"எப்ப எழுதினீங்க?"

"மார்ச்."

"பாசி எடுக்கவா?"

"ஹெரிடேஜ் சைட் அம்மா. எதைத் தொட்டாலும் பர்மிஷன் வேணும்."

வளர்மதி வளர்ந்த ஊரில் குடிமராமத்து என்பது ஏட்டில் இருக்கும் சொல் அல்ல. பொதுப்பணித் துறையை நம்பியிருந்தால் வாய்க்காலில் பாம்புதான் வரும், தண்ணீர் வராது. தண்ணீர் வருமுன் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கித் தூர்வார வேண்டும். அவள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, அப்பாவுக்கு மூட்டுவலி. கல்யாணம் ஆகும்வரை அவர்கள் வீட்டு முறைக்கு இறங்கியவள் அவள்தான். அடைத்துக் கிடக்கும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது அவளைப் பொறுத்தவரை அசிங்கம்.

மறுநாள் ஆடி பதினெட்டு. ரம்யா வேலைக்குப் போயிருந்தாள். மதியம் நான் சன்னலோரம் அணையைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ கல்லில் உரசும் சத்தம். எட்டிப் பார்த்தால், ரம்யா வாங்கித் தந்த ஷூ இரண்டும் படியில் அக்கறையாக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. வளர்மதி சுடிதாரின் கால்களை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கடைசிப் படியில் நின்றிருந்தாள். கையில், ஆலைச் சுவரில் சாய்ந்திருந்த, நீளக் கழியில் இரும்புப் பற்கள் வைத்த ஒரு வாரி.

"ஏய், என்ன பண்றே?"

"கத்தாதீங்க. பாதி எடுத்தாச்சு."

"ரம்யா என்ன சொன்னா? பர்மிஷன்..."

"எடுத்துட்டு வாங்கிக்கலாம்."

நான் கீழே இறங்குவதற்குள் மீதியும் நகர்ந்துவிட்டது. மெத்தை ஒரு பக்கம் கிழிந்து, தன் பாரத்திலேயே புரண்டு, தண்ணீர் ஒரு எட்டு எடுத்து வைத்ததுபோல முன்னே வந்தது. சக்கரம் முனகியது. ஒரு பலகை அசைந்தது, பிறகு அடுத்தது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பலகைகள் தண்ணீரை வாரி, சுற்றி, பக்கத்து உணவகம் ஆற்றோரம் போட்டிருந்த மேசைகளின் மீது தாராளமாக வீசின.

வெள்ளை மேசைவிரிப்பு, ஒயின் கிண்ணங்கள், ஒரு ஜெர்மானியக் குடும்பம். குழந்தைகள் கைதட்டினார்கள். உணவகக்காரர் தட்டவில்லை.

5

ரம்யாவும் நகராட்சிக் காவலரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். காவலர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். உணவகக்காரர் சொன்னதைக் கேட்டார், சக்கரத்தைப் பார்த்தார், கையில் வாரியோடு நின்ற வளர்மதியைப் பார்த்தார். ரம்யா இத்தாலிய மொழியில் பேச ஆரம்பித்தாள். அவள் தமிழில் பேசும்போது கைகள் சும்மா இருக்கும். இப்போது இரண்டு கைகளும் பேசின. நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சின் நடுவே வளர்மதி ஏதோ கேட்க வாயெடுத்தாள். "ஆஸ்பெத்தா, மா," என்றாள் ரம்யா, திரும்பாமலே.

"என்னங்க சொல்றா?"

"இருங்கறா போல."

காவலர் சிரித்துவிட்டார். என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "சட்டப்படி அபராதம் போட வேண்டும். ஆனால் இந்தப் பாசியைப் பற்றி என் மேசையில் ஒரு கோப்பு இருக்கிறது. அது இன்றோடு குறையும்." உணவகக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் முணுமுணுத்தபடி மேசைகளை உள்ளே இழுக்கப் போனார்.

பிறகு காவலர், விருந்தாளியிடம் நல்ல வார்த்தை சொல்லும் முகத்தோடு என்னிடம் திரும்பினார். "போன மாதம்தான் உங்கள் மகளின் வீட்டைப் பார்க்க வந்தேன். இந்த ஊரில் நிரந்தரமாகக் குடியிருக்கப்போவதாக யாராவது பதிவு செய்தால் நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. கட்டில் இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா, மணியில் பெயர் இருக்கிறதா என்று. எல்லாம் இருந்தது. இங்கே எல்லாரும் படம் எடுக்க வருகிறார்கள். குடியிருக்க வருபவர்கள் குறைவு. உங்களுக்குப் பெருமையாக இருக்க வேண்டும்."

நன்றி சொன்னேன். ரம்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று வளர்மதி என் முழங்கையைத் தொட்டாள்.

எத்தனையோ துயரச் செய்திகளுக்கு நான் தலைப்பு வைத்திருக்கிறேன். இதைச் சொல்லத் தாமதமாயிற்று. "ரம்யா இந்த ஊர்லயே இருக்கறதா எழுதிக் குடுத்துட்டாளாம். நிரந்தரமா. போன மாசம்."

வளர்மதி வாரியை எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரக்காலோடு படியேறினாள். நாங்கள் பின்னால் போனோம். கதவருகே நின்றுவிட்டாள். இரண்டு நாட்களாக அந்தக் கதவு வழியே போய்வந்தும் நாங்கள் மணியைக் கவனிக்கவில்லை. பித்தளைப் பொத்தானின் பக்கத்தில் சிறிய கண்ணாடிச் சட்டம், அதற்குள் அச்சடித்த ஒரு துண்டு.

கோவிந்தராஜன்.

என் பெயர். ரம்யாவின் கடவுச்சீட்டில் என் பெயர்தான் அவளுடைய குடும்பப்பெயர். இத்தாலியர்கள் மணியில் குடும்பப்பெயரைத்தான் எழுதுவார்கள். மன்னார்குடி வீட்டு வாசலில் இருப்பது என் அப்பாவின் பெயர். கராமாவில் எண். என் பெயரை ஒரு கதவில் நான் பார்த்தது அன்றுதான். அந்த நாட்டில் எனக்குத் தரப்பட்டிருந்தது இரண்டு வாரம்.

வளர்மதி எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"வாய்க்கால் வெட்டினது நானு. பேரு இவருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ரம்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அது அடங்குமுன் அழுகையும் வந்துவிட்டது.

உள்ளே உட்கார்ந்து வளர்மதி கால் துடைத்தாள். "கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"தெரியும்மா. விசா ஆபீஸ்ல நீ சொன்னதை அப்பா சொல்லிட்டார்."

"வரமாட்டியா?"

"பாக்க வருவேன்."

சக்கரத்தின் சத்தம் அறைக்குள் கேட்டது. ரம்யா தன் பழைய கராமாத் தமிழில் மெதுவாகப் பேசினாள். "ஸ்கூல் ஃபார்ம்ல ஹோம் டவுன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. மன்னார்குடின்னு எழுதுவேன். லீவுக்குப் போய் கொசுக்கடி வாங்கிட்டு வர்ற ஊரு. நீயும் அப்பாவும் இத்தனை வருசம் துபாய்ல இருந்தீங்க. ஒரு நாளாவது இது நம்ம ஊருன்னு சொன்னீங்களா? நான் எதைச் சொல்லட்டும்?"

"அதுக்கு இத்தாலிதான் கெடைச்சுதா உனக்கு?" என்றாள் வளர்மதி. குரலில் கோபம் இருந்தது. ஆனால் துண்டை மடித்து, அது எங்கே தொங்க வேண்டும் என்று ரம்யாவிடம் கேட்டுத் தொங்கவிட்டாள். மகள் வீட்டில் மகள் முறைப்படி.

6

கராமாவுக்குத் திரும்பிய பிறகு வாழ்க்கை அதன் எண்களுக்குள் போய்விட்டது. மெட்ரோ, மேசை, பிற்பகல் கூட்டம், இரவுப் பதிப்பு. தொலைபேசிப் பேச்சும் தொடர்ந்தது. ஆனால் அதன் கடைசி வரி காணாமல் போய்விட்டது. வளர்மதி "எப்ப வர்றே" என்று கேட்பதை விட்டுவிட்டாள். அந்த இடத்தில் ஒரு சிறிய மௌனம் வரும், இருவரும் அதைத் தாண்டி "வெச்சிடறேன்" என்பார்கள். கேள்வியைவிட அந்த மௌனம் எனக்குக் கனமாக இருந்தது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டிக்குள் போகத் தொடங்கின. மன்னார்குடி வீட்டில் மூன்று அறை. மூன்றாவது அறைக்கு என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இன்று மறுபடி ஆடி பதினெட்டு. காலையில் வளர்மதி வழக்கம்போலச் செம்பில் குழாய்த் தண்ணீர் பிடித்து, மஞ்சளும் பூவும் போட்டு, சமையல் மேடையில் வைத்தாள். துபாய்க் கழிமுகத்துக்குப் போய்ச் செய்யலாமே என்று ஒரு வருடம் சொன்னேன். உப்புத் தண்ணிக்கு ஆடிப்பெருக்கு உண்டா என்று கேட்டாள். குழாயில் வருவதும் கடல்நீரைச் சுத்திகரித்ததுதானே என்றேன். "கடலுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? எல்லா ஆறும் போய்ச் சேந்த தண்ணிதானே?" அதோடு அந்த விவாதம் முடிந்தது.

மாலையில் ரம்யா வீடியோவில் வந்தாள். போன வாரம் வந்த புகைப்படத்தைப் பற்றி அதுவரை இருவரும் பேசியிருக்கவில்லை. அந்தப் படத்தில், மணியின் கண்ணாடிச் சட்டத்துக்குள், கோவிந்தராஜனுக்குக் கீழே இன்னொரு துண்டு இருந்தது. கையால் எழுதியது. வளர்மதி.

"அம்மா, அந்தப் போலீஸ்காரம்மா மறுபடி வந்தாங்க."

"எதுக்கு? திரும்பவும் அபராதமா?"

"இல்லம்மா. மணியில புதுசா ஒரு பேர் இருக்கே, இந்த ஆள் இங்க குடியிருக்காங்களான்னு கேட்டாங்க. கேக்கணுமாம், அது அவங்க டூட்டி."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் வரலைன்னு சொன்னேன்."

பழைய மௌனம் வந்து உட்கார்ந்தது. இந்த முறை அதைத் தாண்டியது ரம்யா.

"எப்பம்மா வர்றே?"

வளர்மதி கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டாள்.

"போனை சன்னல் பக்கம் திருப்பு. சக்கரத்தைக் காட்டு."

காட்டினாள். மாலை வெளிச்சத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் நோயாளி நடப்பதுபோல. பாதித் தூக்கத்தில் இருந்த என் கண்ணுக்கே அது தெரிந்தது.

"பாத்தியா, இழுக்குது. அடியில பாசி புடிக்குது. வாரி அங்கதானே இருக்கு?"

"இருக்கும்மா."

"நாளைக்கே எடுத்துடு. நான் வர்ற வரைக்கும் விட்டு வெக்காதே."